என் புருவத்தைத் திருப்பிக் கொடு

திருவண்ணாமலை,
ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை, 2005.

அன்புள்ள மச்சான் சிரஞ்சீவி கலையரசனுக்கு, உன் அக்காள் புருஷன் ராஜமாணிக்கம் எழுதிக்கொண்டது. அண்ணாமலையார் கிருபையால் இங்கே மலை, கோயில், வீடு, உன் அக்காள் சரோஜா எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. என் முகம் மட்டும் இருந்த இடத்தில் இல்லை. அங்கே உன் சம்சாரமும் குழந்தைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மலையைப் பார்த்துக் கும்பிடுகிறேன். உன்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள இப்போதைக்கு மனம் வரவில்லை. இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்தால் காரணம் தெரியும்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன் செய்தால் "ஹலோ மாமா, சிக்னல் சரியா இல்ல மாமா" என்று வைத்துவிடுகிறாய். அம்பத்தூரில் எல்லோருக்கும் கிடைக்கிற சிக்னல் என் குரலைக் கேட்டதும் ஓடிப்போகிறது. கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். தபால்காரர் உன் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போய்விடுவார், நீ படித்துத்தான் ஆக வேண்டும். மேலும் போனில் பேசினால் உன் அக்காள் பக்கத்தில் நின்று கேட்பாள். அவள் காதில் விழக்கூடாத விஷயம் இதில் இருக்கிறது.

தலைவலியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் கோபத்தில் எழுதுகிறவன் அடியிலிருந்து ஆரம்பித்தால்தான் கோபம் ஒழுங்காக வரும். வருஷா வருஷம் ஆனி பிறந்தால் அது வரும், ஆவணியில் போகும். வந்திருக்கிற நாட்களில் மாலை ஆறு மணி அடித்ததும் என் இடது கண்ணுக்குப் பின்னால் ஒருவன் உட்கார்ந்துகொண்டு திருப்புளியால் திருக ஆரம்பிப்பான். இடது கண் மட்டும் அழும், இடது மூக்கு மட்டும் ஒழுகும், வலது பக்கம் எனக்கென்ன என்று பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி பார்த்துக்கொண்டிருக்கும். படுக்க முடியாது, உட்கார முடியாது, சுவரில் தலையை முட்டலாமா என்று தோன்றும். அதனால் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். இந்த ஊரில் ஒரு டாக்டர் சைனஸ் என்றார். இன்னொருவர் என் கண்ணாடியை மாற்றினார். பல் டாக்டர் ஒருவர் நன்றாக இருந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார், வலி போகவில்லை, முறுக்கு கடிப்பதுதான் போனது. நான் வீட்டைச் சுற்றுவதைப் பார்த்துத் தெருக்காரர்கள் "மலையைச் சுத்தறவங்களைப் பாத்திருக்கோம், சொந்த வீட்டுக்கே கிரிவலம் போறவரை இப்பதான் பாக்கறோம்" என்று பேசிக்கொண்டார்கள். நம் மாடி ரூமில் குடியிருக்கிற வெள்ளைக்காரர் இருக்கிறாரே, ஆசிரமத்துக்கு வந்தவர், அவர் ஒரு நாள் கீழே இறங்கி வந்து கைகூப்பிக்கொண்டு என் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தார். என் ஒற்றைக் கண்ணில் வடிகிற நீர் ஆனந்தக் கண்ணீராம். நான் கத்துவது ஏதோ மந்திரமாம். அந்த வலியிலும் அவரை அடிக்கக் கை ஓங்கினேன், அவர் ஆசீர்வாதம் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

இந்த நிலைமையில்தான் நீ ஆடிக் கிருத்திகைக்கு வந்தாய். வந்தவன் பொங்கலைச் சாப்பிட்டோமா, மலையைப் பார்த்தோமா, பஸ் ஏறினோமா என்று போயிருக்கலாம். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிக்கு வாய் சும்மா இருக்குமா? "மாமா, இதுக்குப் பேரு க்ளஸ்டர் தலைவலி. சென்னையில எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தரு இருக்காரு. புதுசா ஒரு ஊசி போடறாரு, நெத்தியில நாலு குத்து, நீங்க மறுபடியும் மாப்பிள்ளை ஆயிடுவீங்க" என்றாய். உன் அக்காள் அப்போதே என் பெட்டியை அடுக்கிவிட்டாள்.

அந்த டாக்டர் மேல் எனக்கு எள்ளளவும் கோபமில்லை. நல்ல மனுஷர். எல்லாவற்றையும் சொல்லித்தான் போட்டார், ஆனால் ரயில் வேகத்து இங்கிலீஷில் சொன்னார். நான் உன்னைப் பார்த்து "என்னா சொல்றாரு?" என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "ஒண்ணும் இல்ல மாமா, கொஞ்ச நாளைக்கு ரிலாக்ஸா இருப்பீங்கன்றாரு." அடேய், அவர் சொன்னது மூன்று விஷயம். இந்த வகைத் தலைவலிக்கு இந்த ஊசி கேட்கும் என்று இன்னும் உறுதியாகவில்லை, கேட்டாலும் கேட்கும், கேட்காமலும் போகும் என்பது ஒன்று. கண் இமை தொங்கலாம் என்பது ஒன்று. மூன்று நாலு மாசத்துக்கு நெற்றி அசையாது என்பது ஒன்று. இந்த மூன்றையும் சேர்த்து 'ரிலாக்ஸ்' என்று மொழிபெயர்த்த உனக்கு எந்தக் காலேஜில் பட்டம் கொடுத்தார்கள்? ஊர் திரும்பிய பிறகு டாக்டர் கொடுத்த காகிதத்தை நம் பெண் அருணாதான் எனக்குப் படித்துச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எடுக்கிறவள் இல்லையா, விளக்கமாகவே சொன்னாள். "கெட்டுப்போன டப்பா சாப்பாட்டுல வளர்ற கிருமியோட விஷம்பா இது. துளியூண்டு போடுவாங்க. நரம்பு சொல்றதை சதை கேக்காம பண்ணிடும்." முப்பது வருஷம் கவர்ன்மெண்டில் உழைத்தவன் நெற்றியில், சொந்த மச்சானே கூட்டிக்கொண்டு போய், ஊசிப்போன சோற்று விஷத்தை ஏற்றியிருக்கிறாய்.

தலைவலி போயிற்றே மாமா என்பாய். போயிற்று. ஆவணியில் போயிற்று. அது ஒவ்வொரு வருஷமும் ஆவணியில்தான் போகும். ஊசிக்குப் பயந்து போனதா, வழக்கப்படி போனதா என்று அந்த டாக்டருக்கே தெரியாது. ஆனால் என் புருவம் போனது மட்டும் ஊசியால்தான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

புருவம் போனால் என்ன என்று வேறு எவனாவது கேட்டால் மன்னிப்பேன். நீ கேட்கக் கூடாது. இந்த வீட்டுக்குப் பெண் கொடுத்தவன் நீ, வழக்கம் உனக்குத் தெரியும். எங்கள் அப்பா காலத்திலிருந்து இந்த வீட்டுக்குள் வாயால் 'இல்லை' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்வது கிடையாது. அரிசி தீர்ந்தால்கூட 'நிறைஞ்சிருக்கு' என்றுதான் எங்கள் அம்மா சொல்லுவாள். அதிலும் விளக்கு வைத்த பிறகு அந்தச் சொல் வாயில் வந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பார் அப்பா. அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்ட முடியுமா? புருவத்தைச் சுருக்குவார். கேட்டவர் புரிந்துகொண்டு எழுந்து போவார். அதே புருவம்தான் எனக்கும் வந்தது. நீ காலேஜ் முடித்துவிட்டு சினிமாவில் சேரப் போகிறேன் என்று வந்து என் முன்னால் நின்றாயே, நான் ஒரு வார்த்தை பேசினேனா? சுருக்கினேன். மறுநாள் மருந்துக் கம்பெனிக்கு மனு போட்டாய். நீ இன்றைக்குச் சாப்பிடுகிற சோறு என் புருவம் போட்ட சோறு.

ஆபீஸில் மட்டும் என்ன? மணிலாக் கடலை ஏலம் நடக்கிற மார்க்கெட் கமிட்டியில் நான் சூப்பிரண்டாக இருந்தபோது, மண்டிக்காரர்கள் எல்லாம் முந்தின நாளே கூடிப் பேசிக்கொண்டு அடிமாட்டு விலைக்குச் சீட்டு எழுதிப் போடுவார்கள். நான் சீட்டைப் பிரித்துப் பார்ப்பேன். வாய் திறக்க மாட்டேன், புருவம் சுருங்கும். "சூப்பிரண்டு சாருக்குப் பிடிக்கலை போல" என்று ஒவ்வொருத்தனாக வந்து விலையை ஏற்றிவிட்டுப் போவான். கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயிகள் என் புருவத்துக்குக் கற்பூரம் காட்டாததுதான் பாக்கி. அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் யார் தெரியுமில்லையா? மண்டி தசரதன். அவன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வருவான்.

இப்போது ஊசிக்குப் பிறகு நடந்ததைக் கேள். முதலில் உன் அக்காள் வந்தாள். "என்னாங்க, ஃப்ரிஜ் ஒண்ணு வாங்கலாமா?" வருஷா வருஷம் கேட்பாள், வருஷா வருஷம் சுருக்குவேன், போய்விடுவாள். இந்த முறையும் சுருக்கினேன். உள்ளே எல்லாம் சுருங்கியது, வெளியே ஒன்றும் அசையவில்லை. அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு "மவராசனா இருங்க" என்று சொல்லி, என் தலையைச் சுற்றித் திருஷ்டி கழித்துவிட்டுக் கடைக்குப் போனாள். ஃப்ரிஜ் கூடத்தில் நிற்கிறது. அதற்குள் இருக்கிற குளிர்ந்த மோர் என் தொண்டைக்கு ஆகவில்லை. ஆனாலும் தினமும் கொடுக்கிறாள்.

அடுத்து என் பங்காளி சுப்பிரமணி கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தான். கோயில் கும்பாபிஷேகத்துக்கு என்னை விழாக் குழுத் தலைவராகப் போடலாமா என்றான். தலைவர் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும், மேடையில் மாலை, முன்னால் மைக், பின்னால் செலவு. நெற்றி நரம்பு தெறிக்கிற அளவுக்குச் சுருக்கினேன். அவன் "அண்ணன் மூஞ்சியில இப்பதான் ஒரு தெளிவு வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய் நோட்டீஸ் அடித்துவிட்டான். அதில் என் புதுப் போட்டோ. ஒரு சுருக்கம் கிடையாது. அறுபது வயசுக்காரன் மாதிரியே இல்லை, கல்யாணத்துக்கு மஞ்சள் பூசி உட்கார்த்தி வைத்த மாதிரி இருக்கிறேன். என்னோடு வேலை பார்த்து ரிட்டையரான ஒருவர் நோட்டீஸைப் பார்த்துவிட்டு, "உங்க பையனா சார்?" என்று கேட்டார்.

இமை கதை தனி. டாக்டர் சொன்ன அதே இமை, இடது இமை, கொஞ்ச நாள் பாதி மூடித் தொங்கியது. பெரிய தெரு முனையில் ஆட்டோ ஓட்டுகிற அர்ஜுனன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வண்டியை ஓரம் கட்டி, "கண்ணு காட்னீங்களே சார், ஏறுங்க" என்பான். நான் காட்டலைப்பா என்றால் மறுபடியும் என் கண்ணைப் பார்ப்பான், "இதோ இப்பகூடக் காட்றீங்களே" என்பான். தேரடிக்கு நடந்து போக வேண்டியவன் தினமும் ஆட்டோவில் போனேன். பூக்காரம்மா பொன்னி இருக்கிறாளே, எனக்குத் தங்கை மாதிரி, அவள் ஒரு நாள் என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பூவை உன் அக்காள் கையில்தான் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டாள். அந்த அவமானத்தை நான் யாரிடம் போய்ச் சொல்ல? கோபப்பட்டுத்தான் விளக்க வேண்டும், கோபப்பட முகம் வேண்டாமா?

காலையில் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பது என் வழக்கம். வேட்டி, துண்டு, நெற்றியில் விபூதி, அந்த விபூதிக்கு அடியில் ஒரு கோடுகூட இல்லாத நெற்றி. ஆசிரமம் பக்கம் போகிற வெளிநாட்டுக்காரர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். பேப்பரில் வந்த அக்கிரமங்களைப் படித்து உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருக்கிறேன், எதிரே ஒரு பெண்மணி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறாள். மாடிக்காரர் அவளிடம் என்னைக் காட்டி என்னவோ மெதுவாகச் சொல்கிறார். எழுந்து போங்கள் என்று கத்தினேன். கத்துகிற முகமும் சாந்தமாகவே இருந்ததால் அதையும் உபதேசம் என்று எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் மூன்று பேர் வந்தார்கள். உன் அக்காள் அவர்களுக்கு டீ போடுகிறாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் புரட்டாசியில் நடந்ததைப் பொறுக்க மாட்டேன்.

ஒரு சாயங்காலம் ஆறு மணிக்கு அருணா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். வந்தவள் நேரே உள்ளே போகாமல் என் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. காபி கொடுத்தால் வைத்துவிட்டுப் போகும், கேட்டால் பதில் சொல்லும், அவ்வளவுதான்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். கோச்சிக்க மாட்டீங்களே?"

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"எங்க ஸ்கூல்ல கம்ப்யூட்டர் எடுக்கறாரு, இளவரசன்னு. அவரைக் கட்டிக்கலாம்னு இருக்கேம்பா. நீங்க சரின்னு சொன்னாதான்."

அது வரைக்கும்கூடப் பரவாயில்லை. யார் வீட்டுப் பையன் என்று கேட்டேன். பெண் தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறது, "மண்டி தசரதன் இருக்காரில்ல, அவரோட பையன்."

மச்சான், நான் சுருக்கினேன். என் அப்பாவையும் அவர் அப்பாவையும் நினைத்துக்கொண்டு, முப்பது வருஷ ஏலத்தையும் நினைத்துக்கொண்டு, உயிரைக் கொடுத்துச் சுருக்கினேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இங்கே நான் ஆடுகிறேன், நாற்காலி ஆடுகிறது, சதை ஆடவில்லை! வாயால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து உன் அக்காள் சாமி மாடத்தில் விளக்கை ஏற்றிவிட்டு மணியை அடித்தாள். விளக்கு எரிகிறது. எப்படிச் சொல்வேன்? வாயை மூடிக்கொண்டேன்.

அருணா என் முகத்துக்குக் கிட்டே வந்து பார்த்தாள். "கோவம் வரலியாப்பா?" என்று கேட்டாள். பிறகு என் முழங்கையைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே என்ன சொன்னாள் தெரியுமா? "சின்னப்பிள்ளையில ஆறு மணி எப்ப அடிக்கும்னு கடியாரத்தையே பாத்துக்கிட்டு இருப்பேம்பா. நீங்க வலியில இருக்கீங்களா, கோவத்துல இருக்கீங்களான்னு தெரியவே தெரியாது. ரெண்டுக்கும் ஒரே மூஞ்சிதான் வெப்பீங்க. அதனால ரெண்டுக்கும் பயந்துகிட்டு மாடிப்படிக்கு அடியில போயி உக்காந்துப்பேன்." மாடிப்படிக்கு அடியில் சிலிண்டர் வைக்கிற இடம் அது. அங்கே ஒரு ஆள் உட்கார முடியும் என்றே எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் யார் கேட்டது? அன்றைக்கு ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. தினமும் ஆறு மணிக்கு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் என்ன சொன்னாள், எட்டாம் வகுப்பில் எவன் தவளையைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான், அந்த இளவரசன் சாம்பார் சாதத்தில் தயிர் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிறான், அதைப் பார்த்து இவள் எப்படிச் சிரித்தாள், எல்லாம் சொல்கிறாள். அவளுக்குக் காபி பிடிக்காதாம், நான் குடிக்கிறேன் என்பதற்காக இத்தனை வருஷம் குடித்தாளாம். இது எதுவும் தெரியாமல் நான் நிம்மதியாக இருந்தேன். தலைவலி வந்துகொண்டிருந்த அதே நேரத்துக்கு இப்போது இவள் வருகிறாள். தலைவலியாவது ஆவணியில் போய்விடும்.

முகம் கொடுத்த சம்மதம் இவளோடு நிற்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தசரதனே தட்டில் பழம், வெற்றிலைபாக்கோடு வந்துவிட்டான். கூடவே பையனையும் கூட்டிக்கொண்டு வந்தான். பையன் பார்க்க ஒழுங்காக இருக்கிறான், அதுவும் எனக்கு ஆத்திரம். தசரதன் எதிரே உட்கார்ந்து, உன் அக்காள் கொடுத்த குளிர்ந்த மோரைக் குடித்துவிட்டு, அந்தக் காலத்தில் ஏலத்தில் என்னைப் பார்ப்பானே, அதே மாதிரி என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் விடவில்லை, முழு மூச்சாகச் சுருக்கிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"சூப்பிரண்டு சார், உங்க புருவத்துக்கு நான் எத்தனை வருஷம் பயந்திருக்கேன்! அது சுருங்கலைன்னா ரேட்டு படிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா? ஏம்மா, தட்டை எடுத்து உள்ள வைங்க."

தட்டு உள்ளே போய்விட்டது மச்சான். அவன் சீட்டுக்கு நான் முப்பது வருஷம் ஒத்துக்கொண்டதில்லை. என் பெண் விஷயத்தில், நான் வாயைத் திறக்காமலே, என் வீட்டுக் கூடத்தில், என் நெற்றியைப் படித்து ஏலத்தை முடித்துவிட்டுப் போகிறான். மௌனம் சம்மதம் என்று எழுதி வைத்தவனுக்கு இந்த ஊசியைப் பற்றித் தெரிந்திருந்தால் எழுதியிருப்பானா?

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கவனமாகக் கேள். முதலில் அந்த டாக்டரைப் பார்த்து இந்த விஷத்துக்கு மாற்று ஊசி இருந்தால் வாங்கிக்கொண்டு வா. இல்லை என்பார், இருந்தாலும் கேள். இரண்டாவதுதான் முக்கியம். கார்த்திகை தீபம் முடிந்த முதல் முகூர்த்தத்தில் தாம்பூலம் மாற்றுவதாகப் பேசியிருக்கிறார்கள். தாய்மாமன் இல்லாமல் தாம்பூலம் மாற்ற முடியாது, தாய்மாமன் நீ. உன் வீட்டில் 'வேண்டாம்' என்று சொன்னால் ஆகாது என்கிற வழக்கம் ஒன்றும் கிடையாது. ஆகவே நீ வந்து, சபையில் எழுந்து நின்று, "இந்த இடம் எங்களுக்கு வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். நான் சொல்லச் சொன்னேன் என்று சொல்லக் கூடாது. அருணா அழுவாள், உன்னைத் திட்டுவாள், உன் அக்காள் உன்னோடு பேச மாட்டாள். அனுபவி. என் முகத்தைக் கெடுத்தவனுக்கு அந்தத் தண்டனை கம்மி.

வேறு விசேஷம் இல்லை. ஊரில் நல்ல மழை, ஏரி நிரம்பியிருக்கிறது. உன் சம்சாரத்துக்கு என் அன்பையும், குழந்தைகளுக்கு ஆசீர்வாதத்தையும் சொல்லவும். உனக்கும் அண்ணாமலையார் நல்ல புத்தியும் தெளிவான சிக்னலும் அருள்வாராக.

இப்படிக்கு,
கோபத்தைக் காட்ட முடியாத நிலையில்,
உன் மாமா
ராஜமாணிக்கம்

பின்குறிப்பு: நேற்று எழுதி ஒட்டாமல் வைத்திருந்தேன். நல்லதாகப் போயிற்று. இன்று காலை சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிறேன், வலது புருவம் அசைகிறது! கொஞ்சம் பழகினேன், இடதும் வந்தது. இரண்டும் சேர்ந்து, நடுவில் அந்தப் பழைய இரட்டைக் கோடு விழுந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. முகத்தில் சோப்போடு கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, யாராவது வரட்டும் என்று சுருக்கியபடியே காத்திருந்தேன்.

அருணாதான் வந்தாள். காபி டம்ளரோடு, என்னமோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தவள், வாசற்படியில் என் முகத்தைப் பார்த்தாள். அங்கேயே நின்றுவிட்டாள். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. டம்ளரைச் சத்தம் வராமல் முக்காலி மேல் வைத்துவிட்டு, அடிமேல் அடி வைத்துப் பின்னோக்கியே போய்விட்டாள். எங்கே போனாள் என்று எட்டிப் பார்த்தேன். மாடிப்படிப் பக்கம். இருபத்தாறு வயசுப் பெண், அதற்கு அடியில் உட்கார முடியாது, பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு நிற்கிறாள். சோப்பைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன் மச்சான். கூப்பிட்டேன், "வெறும் தலைவலிதாம்மா" என்றேன். எனக்குத் தலைவலி இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு முக்காலி காலியாகவே கிடந்தது.

ஆகவே மேலே எழுதியிருக்கிற மாற்று ஊசியை மறந்துவிடு. சபையில் எழுந்து நிற்கிற வேலையும் வேண்டாம். தாய்மாமன் சீரோடு வந்து, வாயை மூடிக்கொண்டு, தட்டை வாங்கித் தசரதன் கையில் கொடு. அதற்கு முன்னால், வருகிற வாரமே அந்த டாக்டரிடம் எனக்கு ஒரு நேரம் வாங்கு. அதே ஊசிதான். இப்போது வலி இல்லையே என்று கேட்பார், இருக்கிறது என்று சொல், அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று உனக்குச் சொல்லித்தர வேண்டாம். உன் அக்காளுக்கும் தலைவலிக்கு என்றே சொல். கல்யாணம் முடிகிற வரைக்குமாவது தாங்க வேண்டும். வலது புருவம்தான் முதலில் முழித்துக்கொண்டது, அதற்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே போடச் சொல்.